'பறக்கும் மீன்பிடிப்பு' என்று ஒன்று கிடையாது

இங்கிலாந்தின் டெஸ்ட் ஆற்றைப் பற்றித் தமிழில் வரும் பயணக் குறிப்புகளில் 'பறக்கும் மீன்பிடிப்பு' தவறாமல் வந்துவிடுகிறது. பறப்பது மீனா, பிடிக்கிறவரா? ஆங்கில ஃபிளை ஃபிஷிங்கை (fly fishing) இப்படி மொழிபெயர்க்கிறார்கள்; அதில் உள்ள ஃபிளை பெயர்ச்சொல். பறத்தல் என்னும் வினையில் பிறந்து பூச்சிக்குப் பெயராகி, பிறகு பூச்சி மாதிரி இறகும் நூலும் கட்டிய தூண்டில் முள்ளுக்கும் ஆனது. வழக்கம் பழையது: மாசிடோனியர்கள் முள்ளில் சிவப்புக் கம்பளியும் சேவல் இறகும் கட்டியதைக் கி.பி. 200 வாக்கில் ரோமானிய எழுத்தாளர் ஏலியன் எழுதியிருக்கிறார்.

அடுத்தது 'ஈ மீன்பிடிப்பு'. தேனீயிலும் ஈ இருக்கிறதே என்று வாதாடுவார்கள். இருக்கிறது, முன்னால் தேன் நிற்பதால் செல்லும். வெறும் 'ஈ' என்றால் பலாச்சுளையில் மொய்ப்பதுதான். மே நடுவிலிருந்து ஜூன் தொடக்கம் வரை டெஸ்ட் ஆற்று டிரவுட் மீன்கள் எழும்பித் தின்னும் மேஃபிளை என்ற பூச்சி, ஈ இனமே அல்ல. ஈக்கு இறக்கை 2, இதற்கு 4. எறும்பு, வண்டு போலவும் முள் கட்டுகிறார்கள். அதை 'எறும்பு ஈ' என்பதா? போதாததற்கு 'உலர் ஈ', 'ஈர ஈ' வேறு. ஒன்று நீர்மேல் மிதக்கும், மற்றது அமிழும். சொல்ல வேண்டியது அவ்வளவுதான். அகராதியைப் புரட்டியவர் ஆற்றைப் பார்க்கவில்லை.

'செயற்கை இரை' தவறில்லை, ஆனால் சுழலும் தகடும் ரப்பர் மீனும் அதில் அடங்கிவிடும். அவற்றுக்கு எடை உண்டு, வீசினால் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இறகு கட்டிய முள்ளுக்கு எடையே இல்லை என்பதால் இங்கே வீசப்படுவது கயிறுதான். கயிறுகளுக்கு எடைப்படி எண் உண்டு; 5-ஆம் எண் கயிற்றின் முதல் 30 அடி சுமார் 9 கிராம். அதன் நுனியில் 9 அடி தங்கூசி நரம்பு, மெலிந்துகொண்டே போய்க் கடைசியில் 0.15 மி.மீ. தடிமன். பூச்சி நீரோட்டத்தோடு தானாக வர வேண்டும். நடு ஆற்றின் வேகம் கயிற்றை வளைத்து இழுத்தால் பூச்சி நீரில் கோடு கிழிக்கும்; டிரவுட் கிட்டே வந்து திரும்பிவிடும். கயிறு விழுந்தவுடனே கோல் நுனியைச் சுழற்றி, அந்த வளைவை ஓட்டத்துக்கு எதிர்ப்பக்கம் புரட்டிப் போடுவது இதற்காகத்தான்.

ஆகவே, பூச்சித்தூண்டில். ஈ, எறும்பு, வண்டு எல்லாம் அதில் அடங்கும்; எந்தச் சிற்றூரிலும் புரியும். மிதப்பதை மிதவைப்பூச்சி என்றும் மற்றதை அமிழ்பூச்சி என்றும் சொல்லலாம்.

டிரவுட்டுக்கும் தமிழ்ப்பெயர் தேடிக் கிளம்புகிறவர்கள் நீலகிரிக்குப் போய்வரட்டும். இங்கிலாந்துக்காரர்கள் கொண்டுவந்து விட்ட மீன் அது. அங்கே அவலாஞ்சியில் உள்ள மீன்குஞ்சுப் பொரிப்பகத்தில் இன்றும் டிரவுட்தான். அவலாஞ்சி என்ற பெயரே அவர்கள் விட்டுப்போன 'அவலாஞ்ச்' (சரிவு) என்ற சொல்.