தொட்டியை அகற்றிய பிறகு மண்ணில் எஞ்சியிருப்பது

மூடப்பட்ட பெட்ரோல் பங்கின் நிலத்தடித் தொட்டியைத் தோண்டி எடுத்துவிட்டால் அந்த இடம் தூய்மையாகிவிடாது. கடலோர உப்பு ஈரம் இரும்புத் தொட்டியை அரிக்கும். ஊசித்துளைகளின் வழியே கசியும் எரிபொருளில் ஒரு பகுதி மண்துகள்களின் இடுக்குகளில் தங்க, மீதி நிலத்தடி நீர்மட்டம் வரை இறங்கும். வடசென்னையின் கடற்கரை ஓரத்தில் மணற்பாங்கான மண்ணும் ஆழம் குறைந்த நீர்மட்டமும் இந்தப் பயணத்தைச் சுருக்கிவிடுகின்றன. தண்டையார்பேட்டையில் 2013-ஆம் ஆண்டு எண்ணெய்க் குழாய்க் கசிவால் வீட்டுக் கிணறுகளில் டீசல் கலந்தது இங்குள்ளவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஆய்வாளர்கள் முதலில் தொட்டிக் குழியைச் சுற்றித் துளையிட்டு, வெவ்வேறு ஆழங்களில் மண்ணை எடுத்து, அதிலிருந்து எழும் ஆவியை அங்கேயே கருவியால் அளப்பார்கள். ஆவி மிகுந்த ஆழத்து மண்தான் ஆய்வகத்துக்குப் போகும்.

அடுத்து வருவது கண்காணிப்புக் கிணறு, அதாவது நீர் மாதிரி எடுப்பதற்காக நிலத்தடி நீர் வரை இறக்கும் குழாய். பல ஆய்வுகள் பிழைபடுவது இங்கேதான். பெட்ரோலும் டீசலும் நீரைவிட அடர்த்தி குறைந்தவை என்பதால் நீரின் மேல் மிதக்கும். ஆகவே குழாயின் துளையிட்ட பகுதி நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் நீண்டிருக்க வேண்டும். அது முழுவதும் நீருக்குள் மூழ்கியிருந்தால் மிதக்கும் எண்ணெய் கிணற்றுக்குள் வராது, அறிக்கையும் மாசு இல்லை என்றே சொல்லும்.

மிதப்பதைவிட அஞ்ச வேண்டியது நீரில் கரையும் பென்சீன். புற்றுநோயை உண்டாக்கும் இப்பொருளுக்குக் குடிநீரில் உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் மட்டுமே. அதைப் போலப் பல மடங்கு இருந்தாலும் மூக்குக்குத் தெரியாமல் போகலாம். எளிதில் ஆவியாகிவிடும் என்பதால், மாதிரி நீரைக் காற்றுக்குமிழி இல்லாமல் குப்பியின் விளிம்பு வரை நிரப்பி, குளிர்நிலையில் ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள்.

மாசு எத்திசையில் நகர்கிறது என்பதை அறிய, ஒரே நேர்கோட்டில் அமையாத குறைந்தது மூன்று கிணறுகளின் நீர்மட்டத்தை ஒப்பிட வேண்டும். ஆனால் நெருக்கமான குடியிருப்புகளில் வீட்டுக்கு வீடு ஓடும் போர்வெல் மோட்டார்கள் அந்தத் திசையையே தம் பக்கம் திருப்பிவிடக்கூடும். மேலும், வடகிழக்குப் பருவமழையில் நீர்மட்டம் உயரும்போது எண்ணெயும் சேர்ந்து உயர்ந்து, கோடையில் இறங்கும்போது வழியெங்கும் மண்ணில் ஒட்டிக்கொள்கிறது. எனவே கோடையில் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை, அதுவும் தொட்டிக்கும் வீட்டுப் போர்வெல்களுக்கும் இடைப்பட்ட நிலத்தில் மாதிரி எடுக்காத அறிக்கையை அப்பகுதி மக்கள் ஏற்க வேண்டியதில்லை.