நெருப்பு மூட்டினால் குளிரும் பெட்டி

திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு அமைக்கும் ரிக் வண்டி வைத்திருக்கும் வாசகர் ஒருவர், குடும்பத்தோடு ஊர் சுற்றுவதற்காக ஒரு வேனை வாங்கி, அதற்கு வீடு போலப் பாடி கட்டுவதற்குக் கரூர்ப் பட்டறை ஒன்றில் விட்டிருக்கிறார். அதில் வைப்பதற்கு அவருக்கு இரண்டு குளிர்பதனப் பெட்டிகளைக் காட்டியிருக்கிறார்கள். ஒன்று பேட்டரியில் ஓடும் கம்ப்ரசர் பெட்டி. மற்றொன்று சமையல் எரிவாயு, 12 வோல்ட் பேட்டரி, வீட்டு மின்சாரம் ஆகிய மூன்றில் எதைக் கொடுத்தாலும் இயங்கும் பெட்டி. நெருப்பை மூட்டினால் எப்படிக் குளிரும் என்றும், இரண்டில் எதை வாங்கலாம் என்றும் அவர் கேட்டு எழுதியிருக்கிறார். முதல் கேள்வி புரிந்துவிட்டால் இரண்டாவதற்கான விடையை அவரே கண்டுகொள்வார்.

நீர்மம் ஆவியாகும்போது தன்னைச் சுற்றியுள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது என்பதைப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம்; மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் அதனால்தான். வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில், ஆவியான வாயுவைக் கம்ப்ரசர் அழுத்துகிறது. அது பின்புறக் குழாய்களில் வெப்பத்தை விட்டு நீர்மமாகி, மீண்டும் உள்ளே சென்று ஆவியாகிறது. பேட்டரிப் பெட்டியும் இதே வகைதான். கம்ப்ரசர் மட்டும் சிறியது.

எரிவாயுப் பெட்டியில் கம்ப்ரசரே இல்லை. அசையும் உறுப்பு எதுவுமே இல்லை. வெல்டிங் செய்து மூடிய குழாய்களுக்குள் நீர், அம்மோனியா, ஹைட்ரஜன் ஆகிய மூன்றும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஸ்டாக்ஹோம் தொழில்நுட்பக் கல்லூரியில் மாணவர்களாக இருந்த பால்ட்சர் ஃபான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் என்ற இருவர் 1922-இல் இதை உருவாக்கினார்கள். அம்மோனியா கரைந்த நீரை அடியில் உள்ள சிறு தீச்சுடர் சூடாக்கும்போது அம்மோனியா ஆவியாகப் பிரிந்து மேலே செல்கிறது; வெளிப்புறத் தகடுகளில் வெப்பத்தை இழந்து நீர்மமாகிறது; பிறகு பெட்டியின் உட்பக்கக் குழாய்க்குள் வழிகிறது. இங்கேதான் சிக்கல் எழ வேண்டும். குழாய்கள் முழுவதிலும் ஒரே அழுத்தம், ஏறத்தாழ 20 வளிமண்டல அழுத்தம் அல்லது அதற்கும் மேல் இருக்கிறது. அந்த அழுத்தத்தில் அம்மோனியா கொதிப்பதற்கு 50 டிகிரி செல்சியஸ் அளவு வெப்பம் வேண்டும். அப்படியானால் உறைநிலைக்குக் கீழே அது எப்படி ஆவியாகிறது?

விடை நம் ஊர் ஆடிக் காற்றில் இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வீசும் நாட்களில், பொள்ளாச்சியிலும் உடுமலையிலும் கொடியில் போட்ட ஈர வேட்டி சிறிது நேரத்தில் காய்ந்துவிடுகிறது. வேட்டியில் உள்ள நீர் 100 டிகிரிக்குச் சூடாகவில்லை. வளிமண்டல அழுத்தமும் குறைந்துவிடவில்லை. ஈரத்தைச் சுற்றி இருக்கும் காற்றில் நீராவியின் பங்கு எவ்வளவு என்பதைப் பொறுத்தே நீர் ஆவியாகிறது. மொத்த அழுத்தத்தில் பெரும்பகுதி நைட்ரஜனாலும் ஆக்சிஜனாலும் வந்தது என்பது நீருக்கு ஒரு பொருட்டே அல்ல. பெட்டிக்குள் ஹைட்ரஜன்தான் அந்த ஆடிக் காற்று. உட்குழாயில் அழுத்தத்தின் பெரும்பங்கை ஹைட்ரஜன் தாங்கிக்கொள்கிறது. அம்மோனியாவின் பங்கு மிகக் குறைவாக இருப்பதால், நீர்ம அம்மோனியா ஈர வேட்டியைப் போலத் தாழ்ந்த வெப்பநிலையிலேயே ஆவியாகி, பாலும் காய்கறியும் வைத்திருக்கும் அறையிலிருந்து வெப்பத்தை உறிஞ்சுகிறது. அம்மோனியா கலந்த ஹைட்ரஜன் கனமாகிக் கீழே இறங்குகிறது. அங்கே நீர் அம்மோனியாவைக் கரைத்துக்கொள்ள, தனித்துவிடப்பட்ட ஹைட்ரஜன் லேசாகி மீண்டும் மேலேறுகிறது. ஓர் இயந்திரம் தன் காற்றைத் தானே வீசிக்கொள்ளும் இந்த ஏற்பாட்டை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு குறைவதில்லை.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அம்மோனியாவை வாங்கிக்கொண்ட நீர் மறுபடி மேலே ஏறியாக வேண்டும். பம்பு இல்லாமல் அது எப்படி ஏறும்? கேள்வி கேட்ட வாசகருக்கு இது மிக எளிதில் விளங்கும். கொங்குக் காடுகளில் ஆழ்துளைக் கிணற்றுக்குள் கம்ப்ரசர் காற்றை விட்டுத் தண்ணீர் எடுக்கிறோம் அல்லவா? குமிழிகள் கலந்த நீர் லேசாவதால், சுற்றியுள்ள கனமான நீர் அதை மேலே தள்ளுகிறது. பெட்டியிலும் அதுவேதான் நடக்கிறது. சுடருக்கு மேலே உள்ள மெல்லிய குழாயில் அம்மோனியாக் குமிழிகள் கிளம்பி, இடையிடையே சிறுசிறு நீர்த்துண்டங்களைத் தூக்கிக்கொண்டு போகின்றன. பிரிக்கும் வேலையையும் இறைக்கும் வேலையையும் ஒரே வெப்பம் செய்துவிடுகிறது.

இந்தப் பெட்டிக்கு வேண்டியது வெப்பம் மட்டுமே. அது எங்கிருந்து வருகிறது என்பது பெட்டிக்கு முக்கியமில்லை. கவுந்தப்பாடிப் பக்கத்தில் நாட்டுச் சர்க்கரை காய்ச்சும் அடுப்புகளின் புகைபோக்கி வழியாக எவ்வளவு வெப்பம் வீணாகப் போகிறது என்பதை நேரில் பார்த்தவர்கள் அறிவார்கள். அதைக் கொண்டு கிராமத்துப் பாலைக் குளிரவைக்க முடியுமா என்று இரண்டு மூன்று ஆண்டுகள் பொறுமையாகச் சோதிக்க ஒரு பொறியியல் கல்லூரிக்குப் பணம் ஒதுக்கினால், அதைவிடப் பயனுள்ள ஆராய்ச்சிச் செலவு நம் வட்டாரத்துக்கு அதிகம் இருக்காது என்பது என் உறுதியான கருத்து.

இப்போது வாங்கும் கேள்விக்கு வரலாம். உள்ளே எல்லாம் தன் எடையாலேயே வழிவதால், எரிவாயுப் பெட்டி ஏறக்குறைய மட்டமாக நிற்க வேண்டும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது சாய்வு மாறிக்கொண்டே இருப்பதால் பெரிய தீங்கு இல்லை. ஆனால் சரிவில் வண்டியை நிறுத்தி இரவு முழுவதும் பெட்டியை ஓடவிட்டால், நீர் ஒரு பக்கம் தேங்கி, கொதிகுழாய் வறண்டு, துருவைத் தடுக்கச் சேர்த்திருக்கும் உப்பு படிந்து அடைத்துக்கொள்ளும். அப்படி அடைத்த பெட்டியைச் சரிசெய்வது அரிது. வண்டி ஓடும்போது சுடரை அணைத்துச் சிலிண்டரையும் மூடிவிட வேண்டும். பெட்ரோல் பங்குக்குள் சுடரோடு நுழைவது பெரும் ஆபத்து. அப்போது பெட்டி 12 வோல்ட்டுக்கு மாறும். மின்சாரத்தை வெறும் வெப்பமாக்கி இயங்குவதால் ஏறத்தாழ 12 ஆம்பியரை இடைவிடாமல் இழுக்கும். எஞ்சின் ஓடும்வரை, அதோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் அதைத் தாங்கும். எஞ்சின் நின்றபின், 100 ஆம்பியர்-மணி (ஓர் ஆம்பியரை 100 மணி நேரம் தரும் அளவு) ஈய அமிலப் பேட்டரியில் பாதியைத்தான் பயன்படுத்தலாம் என்பதால், நான்கு மணி நேரத்தில் அது முடிந்துவிடும்.

கம்ப்ரசர் பெட்டி ஓடும்போது நான்கைந்து ஆம்பியரே கேட்கிறது. குளிர்ந்தபின் விட்டுவிட்டுத்தான் ஓடுகிறது. ஒரு நாளில் பாதி நேரம் ஓடினால் ஏறத்தாழ 50 ஆம்பியர்-மணி ஆகும். கூரையில் 200 வாட் சூரியத் தகடு இருந்தால் வெயில் நாளில் அது திரும்பக் கிடைத்துவிடும். சாய்வும் அதைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. கரூரில் வெயில் 40 டிகிரியைத் தொடும் சித்திரையில் எரிவாயுப் பெட்டி வெப்பத்தை வெளியே தள்ள முடியாமல் திணறும். வெயில் மிகுந்த நம் நாட்டில் வண்டிக்குக் கம்ப்ரசர் பெட்டிதான் ஏற்றது; வெயிலே வராத இடத்தில் நாட்கணக்காக முகாமிடுபவருக்கு மட்டும், ஒரு நாளைக்குச் சுமார் 300 கிராம் எரிவாயுவில் ஓசையின்றி ஓடும் மற்றது பொருந்தும்.

பட்டறையில் வாசகர் நேரில் நின்று கவனிக்க வேண்டியவை சில உண்டு. எஞ்சின் பேட்டரியும் பெட்டிக்கான பேட்டரியும் தனித்தனியாக இருந்து, எஞ்சின் ஓடும்போது மட்டும் ரிலே என்ற தானியங்கிச் சுவிட்ச் வழியாக இணைய வேண்டும். இல்லையென்றால் காலையில் வண்டி கிளம்பாது. பேட்டரியிலிருந்து பெட்டி ஆறு மீட்டர் தள்ளி இருந்தால், 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் ஐந்து ஆம்பியர் போகும்போதே 0.7 வோல்ட் வழியில் இழந்துபோகும். பேட்டரி தீர்ந்துவிட்டதாகக் கருதிக் கம்ப்ரசர் நின்றுவிடக்கூடும். 4 சதுர மில்லிமீட்டர் ஒயரைக் கேட்டு வாங்கி, பேட்டரி முனையை ஒட்டியே ஃபியூஸ் வைக்கச் சொல்ல வேண்டும். பெட்டியின் பின்பக்கம் கீழே ஒரு துவாரமும் மேலே ஒரு துவாரமும் இருந்தால்தான் சூடான காற்று மேலேறி வெளியேறி, புதுக்காற்று உள்ளே வரும். சமையலுக்காகச் சிலிண்டர் வைப்பதானால், எரிவாயு காற்றைவிடக் கனமானது என்பதால், அது இருக்கும் அறையின் தரையிலும் ஒரு துவாரம் கட்டாயம் வேண்டும்.