ஒரு கருவேலங்காய்க்கு ஒரே தந்தை

மகரந்தம் எந்தப் பூவிலும் ஒரே மஞ்சள் தூள்தானே, அதைப் பார்த்துச் செடியின் பெயரை எப்படிச் சொல்கிறார்கள் என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். நம் ஏரிக்கரை ஒன்றில் பூத்திருப்பவற்றை நுண்ணோக்கியில் வைத்தாலே விடை கிடைத்துவிடும். காற்றில் பறக்கும் புல்லின் மகரந்தம் ஒற்றைத் துளையுள்ள வழவழப்பான உருண்டை. பூச்சியை நம்பும் துத்தியின் மகரந்தத்துக்கு மேலெங்கும் முள். எருக்கோ தன் மகரந்தம் முழுவதையும் மெழுகுப் பொட்டலங்களாகக் கட்டி, வண்டின் காலில் மாட்டி அனுப்புகிறது.

இவற்றுள் என்னை மிகவும் கவர்வது நாட்டுக் கருவேலம். மகரந்தத் தாய்ச்செல் ஒன்று குன்றல் பிரிவினால் நான்கு மணிகளைத் தரும் என்பது பள்ளிப் பாடம். பெரும்பாலான தாவரங்களில் அந்த நான்கும் பிரிந்துவிடுகின்றன. தொட்டாற்சிணுங்கியில் நான்கும் ஒட்டியபடியே இருக்கின்றன. கருவேலத்திலோ நான்கு தாய்ச்செல்களிலிருந்து வந்த பதினாறு மணிகளும் பொதுவாக ஒரே வில்லையாக இணைந்து, பிரியாமலேயே பயணம் செய்கின்றன. வேல மரங்களின் சூலகமுடி, அதாவது பூவில் மகரந்தத்தை ஏற்கும் நுனி, ஒரு சிறு கிண்ணம். அதில் பொதுவாக ஒரு வில்லைக்குத்தான் இடம் உண்டு. ஒரு வில்லையிலுள்ள மணிகளின் எண்ணிக்கை, ஒரு பூவிலுள்ள சூல்களின் எண்ணிக்கைக்குச் சமமாகவோ சற்று மிகுந்தோ இருப்பதை மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் கென்ரிக், நாக்ஸ் இருவரும் 1982இல் ஆஸ்திரேலிய வேல மரங்களில் காட்டினார்கள். அதாவது, தேனீ ஒரே ஒரு முறை சரியாகத் தொட்டுவிட்டால் காய் முழுவதற்கும் விதை பிடித்துவிடும். மணிமாலை போன்ற அந்தக் காயிலுள்ள விதைகள் அனைத்துக்கும் தாயும் ஒன்று, தந்தையும் ஒன்று. அடுத்த கிளையின் காய்க்குத் தந்தை வேறொரு மரமாக இருக்கலாம். இதற்கு மரம் கொடுக்கும் விலையும் உண்டு: வில்லை வந்து சேராத பூக்கள் வெறுமனே உதிர்கின்றன, அவையே மிகுதி.

பக்கத்தில் நிற்கும் சீமைக்கருவேலத்தின் மகரந்தமோ தனித்தனி மணிகள்தாம். பெயரிலும் முள்ளிலும் ஒத்த இரண்டையும் தேன்துளியில் கிடக்கும் மகரந்தத்தைக் கொண்டே பிரித்துவிடலாம். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கச் சரியாகப் பெயரிட்ட மாதிரித் தகடுகள் வேண்டும். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் அத்தகைய தொகுப்பு ஒன்று பல பத்தாண்டு உழைப்பில் உருவாகியிருக்கிறது. புதிய கருவி வாங்க எளிதில் கிடைக்கும் நிதி, பழைய தகடுகளைப் பேணும் ஆளுக்குச் சம்பளம் தரக் கிடைப்பதில்லை என்பது என் மனக்குறை.