மண்வெட்டியா, பவர் வீடரா?

ஒரு சென்ட் நிலத்தை அரை அடி ஆழத்துக்குக் கொத்தினால் புரளும் மண் சுமார் 6 கன மீட்டர். எடை 8 டன்னைத் தொடும். முதுகை நினைத்து, எஞ்சினில் சுழலும் கத்திகளால் மண்ணைக் கொத்தும் பவர் வீடரைத் தேடுவதில் தப்பில்லை. ஆனால் இடத்தின் அளவுக்கு முன்னால் மண்ணின் ஈரத்தைப் பார்க்க வேண்டும்.

அரை அடி ஆழத்திலிருந்து ஒரு பிடி மண்ணெடுத்து இறுக்குங்கள். கொழுக்கட்டையாக நின்று, தட்டினால் உதிர்ந்தால் புட்டு மாவுப் பதம், வேலை தொடங்கலாம். உருட்டும்போது திரியாக நீண்டால் ஈரம் அதிகம். வீடரின் ‘எல்’ வடிவக் கத்திகள் வண்டி நகர்வதைவிட வேகமாகச் சுழல்பவை. ஈர மண்ணில் அவற்றின் மடிந்த அடிப்பாகம் கொத்தனாரின் கரணையைப் போல மண்ணைத் தேய்த்துப் பூசிவிடும். மேலே பொலபொலவென்று தெரியும், 10–15 செ.மீ. கீழே இறுகிய தகடு உருவாகியிருக்கும். வேர் அதில் முட்டி மடங்கும், தண்ணீர் தேங்கும். கரிசலில் இந்தத் தொல்லை அதிகம். மண்வெட்டியும் ஈர மண்ணைக் கட்டியாக்கும்தான், ஆனால் இப்படித் தொடர்ச்சியாகப் பூசாது.

கட்டாந்தரையிலோ வீடர் துள்ளும். சக்கரத்துக்குப் பதில் கத்தியே இழுத்துச் செல்லும் சிறிய வகைகளில் பின்னால் ஒரு ஆழக் கம்பி இருக்கும். அது மண்ணில் ஊன்றி வண்டியைப் பிடித்து நிறுத்தினால்தான் கத்தி கீழே இறங்கும். கம்பியைத் தூக்கிவிட்டு ஓட்டினால் வண்டி ஓடும், உழவு நடக்காது. முதல் சாலில் 5 செ.மீ. போதும், அடுத்தடுத்த சாலில் ஆழப்படுத்துங்கள். மாவாகும்வரை ஓட்டாதீர்கள். அடுத்த மழையில் செம்மண் மேலே ஓடு கட்டிவிடும், சிறு விதைகள் முளைத்து வெளிவரத் திணறும்.

கோரை மண்டிய இடத்தில் வீடரை இறக்கவே கூடாது. கிழங்குகள் சங்கிலியாகக் கோத்திருக்கும். நுனிக் கிழங்கு மற்றவற்றை முளைக்காமல் அடக்கி வைத்திருக்கும். சங்கிலி அறுந்தால் ஒவ்வொன்றும் தனிச்செடி. கடப்பாரையால் நெம்பிக் கிழங்கோடு பொறுக்குவதுதான் வழி.

இவையெல்லாம் சரியென்றால், 2 சென்ட்டுக்குள் மண்வெட்டி. 5 சென்ட்டைத் தாண்டினால் வீடரை வாடகைக்கு எடுக்கலாம். ஒருமுறை பாத்தி கட்டிய பிறகு களைக்கொத்தே போதும்.

டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்குப் பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டும்: 50:1 என்றால் லிட்டருக்கு 20 மி.லி. மறந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கத்தித் தண்டில் புல் சுற்றினால் எஞ்சினை அணைத்து, பிளக் வயரைக் கழற்றிய பிறகே கை வைக்கவும்.