நிற்கிற கால்தான் உதைக்கிறது

டேக்வாண்டோ வகுப்பில் சேர்ந்த புதிதில் நான் பேடை, அதாவது எதிரே நிற்பவர் பிடித்திருக்கும் பயிற்சி மெத்தையை, உதைக்கும்போதெல்லாம் மாஸ்டர் என் வலது காலைப் பார்க்கவே மாட்டார். தரையில் ஊன்றியிருக்கும் இடது பாதத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். "குதிகால் எங்க பார்க்குது?" என்று கேட்பார். நான் குனிந்து பார்ப்பேன். குதிகால் எனக்குப் பின்னால் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். "அது பேடைப் பார்க்கணும். அப்புறம்தான் உதை." மூன்று மாதம் இதுவேதான் பாடம்.

அந்த உதைக்குக் கொரிய மொழியில் தொல்யோ சாகி என்று பெயர். சாகி என்றால் உதை, தொல்யோ என்றால் சுழற்றி. முழங்காலை மடக்கி முன்னால் தூக்கி, இடுப்பைத் திருப்பி, பாதத்தின் மேற்புறத்தால் பக்கவாட்டில் அடிப்பது. டேக்வாண்டோ போட்டிகளில் அதிகம் பார்க்கக் கிடைப்பது இதுதான். உதைப்பது ஒரு கால் என்றால் மாஸ்டர் ஏன் இன்னொரு காலைப் பார்க்கிறார்? இதற்கான பதில் இடுப்பு மூட்டில் இருக்கிறது.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு நேராக நில்லுங்கள். கால் விரல்கள் முன்னால் பார்க்கும்படி வைத்து, ஒரு காலைப் பக்கவாட்டில் தூக்குங்கள். கொஞ்ச உயரம் போனதும் எங்கோ முட்டியதுபோல நின்றுவிடும். இப்போது அதே காலை, விரல்கள் வெளிப்பக்கம் பார்க்கும்படி திருப்பிவிட்டுத் தூக்குங்கள். இன்னும் மேலே போகும். தொடை எலும்பின் மேற்பகுதியில் வெளிப்புறமாக ஒரு புடைப்பு உண்டு. காலைத் திருப்பாமல் தூக்கினால் அது இடுப்பெலும்பை நோக்கிப் போய்த் தடுக்கும். திருப்பினால் பின்னால் ஒதுங்கி வழிவிடும். உதைக்கும்போது இந்த வழியைத் திறக்க இடுப்பு முழுவதும் சாய்ந்து திரும்பியாக வேண்டும். இடுப்பு திரும்ப, அதைத் தாங்கி நிற்கும் காலும் திரும்ப வேண்டும்.

அது திரும்பாவிட்டால் அடி வாங்குவது முழங்கால். முழங்கால் பெரும்பாலும் கதவுக் கீல் மாதிரி மடங்கி நிமிரத்தான் அமைந்தது, முறுக்கலை அதிகம் தாங்காது. பாதம் தரையில் ஒட்டியிருக்க, மேலே இடுப்பு அரைச் சுற்றுச் சுற்றினால் அந்த முறுக்கல் முழுவதும் முழங்காலுக்குள் இருக்கும் தசைநார்களுக்கும் குருத்தெலும்புக்கும் போய்ச் சேரும். ரப்பர் விரிப்பில் வெறுங்காலோடு நின்றால் பிடிப்பு இன்னும் அதிகம். அதனால்தான் குதிகாலை லேசாகத் தூக்கி, பாதத்தின் முன்பகுதியில் மட்டும் எடையை வைத்துத் திரும்பச் சொல்கிறார்கள். உராய்வு விசை அதேதான். ஆனால் அது செயல்படும் இடம் சுழலும் அச்சுக்குப் பக்கத்தில் வந்துவிடுவதால், திரும்புவதைத் தடுக்கும் அதன் திறன் குறைந்துவிடுகிறது. பம்பரத்தின் ஆணி எவ்வளவு கூராக இருக்கிறதோ அவ்வளவு நேரம் பம்பரம் நின்று சுற்றும் என்பது நமக்குத் தெரிந்ததுதானே.

சரி, இனி உதைக்கிற காலுக்கு வருவோம்.

ஒருவருடைய ஒரு கால் அவருடைய உடல் எடையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 10 கிலோ. அதே ஆளின் கை 3 கிலோதான் இருக்கும். அந்த 10 கிலோவை நீட்டிய வாக்கில் வீசினால் மெதுவாகத்தான் கிளம்பும். முழங்காலை இறுக மடக்கினால், கீழ்க்கால் தொடையோடு ஒட்டி இடுப்புக்குக் கிட்டே வந்துவிடுகிறது. எடை குறையவில்லை. ஆனால் அச்சிலிருந்து அதன் தூரம் குறைந்ததால், சுழற்ற வேண்டிய சுமை பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. "முட்டியை மடக்கு, முட்டியை மடக்கு" என்று எல்லா வகுப்பிலும் கத்துவது இதற்காகத்தான்.

அடுத்து நடப்பதை விளக்க, எனக்குத் தெரிந்தவரை, துணி துவைக்கும் கல்லைவிட நல்ல உதாரணம் இல்லை. ஈரத் துணியை ஓங்கி அடிப்பவரைக் கவனித்துப் பாருங்கள். முதலில் இடுப்பு திரும்பும், பிறகு தோள், பிறகு முழங்கை. கை நின்றுவிடும் இடத்தில்தான் துணியின் நுனி சீறிக்கொண்டு போய்க் கல்லில் அறையும். கை நிற்காமல் துணியோடு சேர்ந்தே போனால் அந்த அறை கிடைக்காது. தொல்யோ சாகியிலும் அப்படித்தான். இடுப்பு தொடையை இழுக்கிறது, தொடை முன்னால் பாய்கிறது. முழங்கால் இலக்கைக் குறிபார்த்ததும் தொடையின் வேகம் திடீரென்று குறைகிறது. தொடையிடம் இருந்த வேகம் 4 கிலோகூட இல்லாத கீழ்க்காலுக்கும் பாதத்துக்கும் கைமாறுகிறது. பெரிய பாகத்திலிருந்து சின்ன பாகத்துக்குப் போவதால் வேகம் கூடுகிறது. பயிற்சி பெற்றவர்களின் பாதம் வினாடிக்குச் சுமார் 15 மீட்டர் வேகத்தில் போவதாக அளந்திருக்கிறார்கள். அதாவது மணிக்கு 54 கிலோமீட்டர். வேகம் இரண்டு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதால், எடையைக் கூட்டுவதைவிட வேகத்தைக் கூட்டுவதில்தான் லாபம்.

இதில் கற்றுக்கொள்ளக் கஷ்டமான பகுதி தளர்வாக இருப்பது. தேர்ந்தவர்களின் வயிற்று, முதுகுத் தசைகளில் மின் அளவிகளைப் பொருத்திப் பார்த்தபோது, அவை கிளம்பும்போது ஒருமுறை இறுகி, நடுவில் தளர்ந்து, மோதும் நொடியில் மறுபடி இறுகுவது தெரிந்தது. நடுவில் தளராவிட்டால் வேகம் வராது. கடைசியில் இறுகாவிட்டால் பாதம் இலக்கில் பட்டு அப்படியே மடங்கும், பின்னால் இருக்கும் உடலின் எடை அதோடு சேராது. மோதும்போது வயிற்றிலிருந்து எழுப்பும் அந்தக் குரல், கிஹாப், வெறும் மிரட்டல் அல்ல. மூச்சைச் சட்டென்று வெளியே தள்ளும்போது உடலின் நடுப்பகுதி தானாகவே இறுகும்.

கண்ணால் ஒன்றைப் பார்த்து உடல் அசைய ஆரம்பிக்கவே ஏறத்தாழ 0.2 வினாடி ஆகிறது. நல்ல உதை ஒன்று தொடங்கி முடிய 0.3 வினாடி போதும். ஆக, உதை கிளம்பியதைப் பார்த்த பிறகு யோசித்து ஒதுங்குவது கிட்டத்தட்ட நடக்காத காரியம். எதிராளியின் இடுப்பும் தோளும் காட்டும் சின்ன அசைவை வைத்து முன்கூட்டியே ஊகிக்க வேண்டும். இங்கேதான் மடக்கிய முழங்கால் இரண்டாவது வேலையையும் செய்கிறது. நேராக உதைக்கும் ஆப் சாகியும் சுழற்றி உதைக்கும் தொல்யோ சாகியும் முதல் பாதி வரைக்கும் ஒன்றுபோலவே இருக்கும். முழங்கால் முன்னால் எழும்பும், அவ்வளவுதான் தெரியும். நிற்கிற கால் திரும்பும் அந்தக் கடைசி நேரத்தில்தான் எது என்று முடிவாகிறது. அதற்குள் காலம் கடந்துவிடும்.

இவ்வளவு நுட்பமான உதை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கொரியாவில் வளர்ந்தது என்று பல பயிற்சிக்கூடங்களில் சொல்லிக் கொடுக்கிறார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். அதற்குச் சான்றாகக் காட்டும், பழைய கொரிய அரசான கோகுர்யோ காலத்துக் கல்லறை ஓவியம் ஒன்றில் இரண்டு பேர் கைகளை உயர்த்தி எதிரெதிரே நிற்கிறார்கள். அந்தக் கல்லறை இன்றைய சீனாவின் ஜியான் நகருக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1790இல் அரசர் ஜோங்ஜோவின் ஆணைப்படி தொகுத்த படைப்பயிற்சி நூலில் வெறுங்கைச் சண்டைக்கென ஓர் அத்தியாயம் உண்டு. இவை உண்மைதான். ஆனால் இவற்றிலிருந்து இன்றைய டேக்வாண்டோவுக்கு நேர்க்கோடு போட முடியாது. 1790 நூலின் அந்த அத்தியாயமே சீனப் படைத்தலைவர் சீ ஜிகுவாங்கின் நூலை ஒட்டி எழுதியது.

நேர்க்கோடு வேறு இடத்திலிருந்து வருகிறது. 1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் பிடியில் இருந்தது. படிக்க ஜப்பான் போன கொரிய இளைஞர்கள் சிலர் அங்கே கராத்தே கற்றார்கள். அவர்களில் லீ வோன் குக், ஃபுனாகோஷி கிச்சினிடம் பயின்றவர். ஊர் திரும்பி 1944இல் சியோலில் சுங் தோ க்வான் என்ற பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார். விடுதலைக்குப் பிறகு இப்படிப் பல க்வான்கள் முளைத்தன. அவற்றில் கற்றுக்கொடுத்ததைத் தாங் சூ தோ, கோங் சூ தோ என்று அழைத்தார்கள். இவை கராத்தேவை எழுதும் அதே சீன எழுத்துகளின் கொரிய உச்சரிப்புகள். 1955இல் தளபதி சோய் ஹாங் ஹி முன்மொழிந்த டேக்வாண்டோ என்ற பெயரை ஏற்றார்கள். காலால் உதைப்பது, கைமுஷ்டியால் குத்துவது, வழி என்று மூன்று சொற்கள் சேர்ந்த பெயர். அவரும் மாணவராக ஜப்பானில் கராத்தே கற்றவர்தான். 1966இல் அவர் ஒரு பன்னாட்டுக் கூட்டமைப்பைத் தொடங்கினார். 1972இல் அவர் கனடாவுக்குப் போய்விட, அதே ஆண்டு சியோலில் குக்கிவோன் என்னும் தலைமையகம் திறந்தது. 1973இல் இன்னொரு உலகக் கூட்டமைப்பு வந்தது. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் பதக்கத்துக்குரிய விளையாட்டாக நுழைந்தது இந்த இரண்டாவது பிரிவின் டேக்வாண்டோ.

இந்த வரலாற்றுக்கு உடம்பிலேயே சாட்சி இருக்கிறது. வெள்ளை பெல்ட் மாணவர் முதலில் கற்கும் பூம்சே, அதாவது வரிசையாகச் செய்யும் அசைவுகளின் கோர்வை, தேகுக் இல் ஜாங். இடது பக்கம் திரும்பு, கையைக் கீழே வெட்டித் தடு, ஓரடி முன்னே போய்க் குத்து. கராத்தேயில் முதலில் கற்கும் ஹெய்யான் ஷோதானும் இதே மூன்று அசைவுகளோடுதான் தொடங்குகிறது. தேகுக் இல் ஜாங் முழுக்கத் தேடினாலும் இரண்டே இரண்டு உதைகள்தான், இரண்டும் நேர் உதைகள். உதைக்குப் பேர்போன கலையின் முதல் பாடத்தில் இவ்வளவுதான் உதை! எனக்கு இது தெரிந்தபோது ஏமாற்றமாக இல்லை, மரியாதை கூடியது. கையில் கிடைத்ததை வைத்து முப்பது நாற்பது ஆண்டுகளில் வேறொன்றாக ஆக்கிக்காட்டியவர்கள் அவர்கள்.

கொரியாவில் கால் சண்டைக்குப் பழைய மரபே இல்லை என்று அர்த்தமில்லை. தேக்கியோன் என்று ஒன்று உண்டு. தாளத்துக்கு ஆடுவதுபோல முக்கோணமாகக் கால்மாற்றி, எதிராளியை இடறி விழவைத்தாலோ முகத்தில் உதைத்தாலோ வெற்றி. அது அழியும் நிலைக்குப் போனபோது சோங் தோக் கி என்ற முதியவரின் நினைவிலும் உடம்பிலும் தங்கியிருந்து, 1983இல் அரசின் பண்பாட்டுச் சொத்தாக அறிவிக்கப்பட்டது. 2011இல் யுனெஸ்கோவின் பட்டியலிலும் சேர்ந்தது. ஆனால் டேக்வாண்டோவின் உதைகளை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்ததில் பெரும்பங்கு போட்டி விதிகளுக்குத்தான் என்பது என் எண்ணம். முகத்தில் குத்தக் கூடாது, மார்புக் கவசம் அணிந்து முழு வேகத்தில் அடிக்கலாம் என்று வைத்துப் பாருங்கள். பஞ்சுக் கவசத்தின் மேல் 3 கிலோ கை என்ன செய்யும்? 10 கிலோ காலுக்குத்தான் அங்கே மதிப்பு. விதி அப்படி இருந்ததால் வீரர்கள் இரவும் பகலும் காலைத் தீட்டினார்கள்.

அதே கதை அண்மையில் மறுபடி நடந்தது, இந்தமுறை ஒரு கருவியால். முன்பெல்லாம் மூலைகளில் உட்கார்ந்த நடுவர்கள் சத்தத்தைக் கேட்டு, எதிராளி அதிர்ந்தாரா என்று பார்த்து, பொத்தானை அழுத்திப் புள்ளி தருவார்கள். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பிரிட்டனின் சாரா ஸ்டீவன்சன், சீனாவின் சென் ஜோங்கின் தலையில் பட்ட உதைக்குப் புள்ளி கிடைக்காமல் தோற்றார். வீடியோவைப் பார்த்துவிட்டு முடிவை மாற்றினார்கள். இரண்டு முறை தங்கம் வென்றிருந்த சென் ஜோங் வெளியேறினார். 2012 லண்டனில் மின்னணுக் கவசம் வந்துவிட்டது.

அது வேலை செய்யும் விதம் எளிமையானது. வீரர் போடும் காலுறைக்குள் காந்தங்கள் தைக்கப்பட்டிருக்கும். ஹோகு என்கிற மார்புக் கவசத்துக்குள் இரண்டு வகை உணரிகள். ஒன்று காந்தம் அருகில் வந்ததை அறியும், மற்றொன்று மோதலின் வலுவை அளக்கும். முழங்காலால் இடித்தால் வலு இருக்கும், காந்தம் இருக்காது, அதனால் புள்ளி கிடையாது. காந்தம் தடவிக்கொண்டு மட்டும் போனால் வலு போதாது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்து, வலு அந்த எடைப் பிரிவுக்கு வைத்திருக்கும் வரம்பைத் தாண்டினால், கம்பியில்லாமல் கணினிக்குத் தகவல் போய்ப் புள்ளி ஏறும். குத்துக்கு மட்டும் இன்னமும் நடுவர்கள்தான்.

பாரபட்சம் என்ற புகார் குறைந்தது. ஆனால் வரம்பு என்பது ஒரு எண். அந்த எண்ணை 1 புள்ளி தாண்டினாலும் நூறு தாண்டினாலும் பலன் ஒன்றே. இடுப்பை முழுதாகத் திருப்பிப் பின்காலால் உதைப்பதற்கு வலு அதிகம், நேரமும் அதிகம். முன்காலைச் சும்மா தூக்கித் தட்டினால் வரம்பைத் தாண்டவும் செய்யும், சீக்கிரமும் முடியும். வீரர்கள் இதைக் கண்டுபிடிக்க வெகுகாலம் ஆகவில்லை. முன்காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, வாள்வீச்சுப்போலக் காலும் காலும் உரசிக்கொள்ளும் ஆட்டங்கள் பெருகின. கட்டிப்பிடித்த நிலையில் காலை வளைத்து முதுகுப்புறமாகக் கவசத்தில் தட்டும் விநோதமும் வந்தது. கூட்டமைப்பு விதிகளைத் திருத்திக்கொண்டே இருக்கிறது. காலை வெறுமனே தூக்கி நிற்பதற்குத் தண்டனை, கட்டிப்பிடித்து உதைப்பதற்குத் தடை, 2017இல் மார்பு உதைக்கு 2 புள்ளி, சுழன்று உதைத்தால் கூடுதல். பழைய உதையை மீட்க விதிகள் கருவியோடு மல்லுக்கட்டுகின்றன. இதில் நான் விதிகளின் பக்கம்.

எங்கள் வகுப்பில் மின்னணுக் கவசம் கிடையாது, பேடுதான் உண்டு. ஜோடி ஜோடியாக உதைத்துக்கொண்டிருப்போம். மாஸ்டர் எங்களுக்கு முதுகைக் காட்டி ஜன்னலோரம் நிற்பார். பேடில் விழும் அடிகளில் சில "தொப்" என்று அமுங்கும், சில "பளார்" என்று வெடிக்கும். "மூணாவது ஜோடி, இடுப்பு வரல" என்பார், திரும்பாமலே. நான் குனிந்து என் குதிகாலைப் பார்ப்பேன். சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும்.