பெயின்ட் அடிக்கிற கதவுக்கு எந்த மரம்?

கோவையிலோ ஈரோட்டிலோ சமையலறை அலமாரிக்கு வெள்ளை, சாம்பல் என்று பெயின்ட் அடிக்க நினைக்கிறவர்களும் முதலில் கேட்பது தேக்கைத்தான். நிலவுகாலுக்கும் வாசக்கதவுக்கும் தேக்கு போட்டாயிற்று, இதற்கும் அதுவே இருக்கட்டும் என்கிற எண்ணம். பெயின்டுக்கு அடியில் தேக்கு வீண் என்பது என் உறுதியான கருத்து. செலவு ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த மரத்தின் அமைப்பே பெயின்டுக்கு ஒத்துவருவதில்லை.

மரத்தை உளியால் குறுக்கே வெட்டி, வெட்டுமுகத்தை ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். நீர் ஏறிய குழாய்கள் சிறு துளைகளாகத் தெரியும். தேக்கில் ஒவ்வோர் ஆண்டு வளையத்தின் தொடக்கத்திலும் பெரிய துளைகள் வரிசைகட்டி நிற்கும். பலகையாக அறுக்கும்போது அவைதான் நீளப் பள்ளங்களாகி, நாம் ரசிக்கும் ரேகையாகின்றன. பெயின்ட் அந்தப் பள்ளங்களில் இறங்கிக் காய்ந்ததும் ரேகை மேலே தெரியும். மறைக்கப் பலமுறை பட்டி பார்க்க வேண்டும். தேக்கில் ஊறியிருக்கும் எண்ணெய்ச் சத்து வேறு. கரையான் அண்டாமல் காப்பதில் அதற்கும் பங்குண்டு, ஆனால் பெயின்டின் பிடிப்பையும் அதுவே கெடுக்கும்.

அமெரிக்கத் தச்சர்கள் பெயின்ட் அடிக்கும் கதவுக்குப் பாப்லரை எடுப்பது இதற்கு நேர் எதிரான குணங்களுக்காக. அங்கே அந்தப் பெயரில் விற்பது உண்மையான பாப்லரே அல்ல; நம் செண்பகத்தின் குடும்பத்தைச் சேர்ந்த துலிப் மரம். அதன் துளைகள் மிகச் சிறியவை, வளையம் முழுக்கச் சீராகப் பரவியவை. பிசின் கிடையாது, ஆகவே பைன் மரக் கணுவைப்போலப் பெயின்டின் ஊடே மஞ்சள் கறை கசியாது. வயிரப்பகுதி பச்சை நிறமாக இருந்து பின் பழுப்பாகும். பெயின்டுக்குள் போவதால் அது ஒரு குறையே இல்லை. மென்மையான மரம் என்பதால் பாத்திரம் இடித்தால் குழி விழும். கரையானையும் நமப்பையும் தாங்காது.

நம் ஊர்க் கடையில் பாப்லர் என்று கேட்டால் கைக்குக் கிடைப்பது பெரும்பாலும் ப்ளைவுட். அது உண்மையான பாப்லர். ஹரியானாவின் யமுனாநகர்ப் பக்கமும் பஞ்சாபிலும் தோட்டப்பயிராக வளர்வது. குளிர்காலம் தேவைப்படும் மரமாதலால் கொங்குக் காட்டில் சரிப்பட்டு வராது.

இனி முக்கியமான விஷயம், மரத்தின் அசைவு. மரச்செல்லின் சுவரில் செல்லுலோஸ் இழைகள் ஏறக்குறைய நீளவாக்கில் கிடக்கின்றன. காற்றின் ஈரம் அந்த இழைகளுக்கு நடுவே புகுந்து அவற்றைப் பக்கவாட்டில் விலக்குகிறது. அதனால்தான் பலகை அகலத்தில் உப்புகிறது, நீளத்தில் கிட்டத்தட்ட மாறுவதே இல்லை. காயும்போதும் அப்படித்தான்: சோளத்தட்டு காய்ந்தால் மெலியுமே தவிர நீளம் குறையாது.

காற்றின் ஈரப்பதம் 40 சதவீதமாக நீடித்தால் மரத்துக்குள் ஈரம் 8 சதவீதம் அளவில் நிற்கும். 70 சதவீதமாக நீடித்தால் 13-ஐ எட்டும். மாசி, பங்குனி வறட்சிக்கும் ஐப்பசி மழைக்கும் நடுவே நம்மூர் மரம் இந்த மாதிரியான ஏற்ற இறக்கத்தில்தான் வாழ்கிறது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஈரக்காற்று பொள்ளாச்சியை நனைக்கும் அளவுக்குத் தாராபுரத்தையும் கரூரையும் நனைப்பதில்லை. அங்கே வறட்சிதான் நீளம்.

இந்த 5 புள்ளி வித்தியாசத்தில் 30 செ.மீ அகலமுள்ள துலிப் மரப்பலகை சுமார் 4 மி.மீ மாறும். தேக்கு 3 மி.மீ. இந்த ஒன்றில் தேக்குதான் மேல், மறுக்கவில்லை. பெயின்ட் ஈரத்தை அடைப்பதில்லை, தாமதப்படுத்துகிறது, அவ்வளவே. குளிர்பதனமும் கண்ணாடிக் கூண்டுமாகப் பாதுகாக்கப்படும் மோனா லிசாவே பாப்லர் பலகையில் தீட்டியதுதான். மேல் விளிம்பிலிருந்து சுமார் 11 செ.மீ நீளத்துக்கு அதில் பழைய விரிசல் உண்டு. அரிசிம்பருப்புக்கு விசில் அடிக்கும் குக்கருக்கு மேலே தொங்கும் கதவு எம்மாத்திரம்?

பழைய ஆசாரிகள் இதற்குக் கண்ட வழி சட்டமும் நடுப்பலகையும். சட்டத்தின் உட்பக்கம் காடி எடுத்து, பலகையைப் பசை போடாமல் அதில் செருகி விடுவார்கள். பலகை விரிந்தாலும் சுருங்கினாலும் காடிக்குள்ளேயே நகர்ந்துகொள்ளும், சட்டத்தைப் பிளக்காது. பெயின்ட் அடிப்பதானால் இன்னும் எளிது. நடுப்பலகைக்கு எம்டிஎஃப் (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) போட்டுவிடலாம், அதற்கு ரேகையோட்டமே இல்லாததால் அகலவாட்டு அசைவு சொற்பம். மிஞ்சுவது 6 செ.மீ சட்டம். அது துலிப் மரமானால் 0.8 மி.மீ அசையும், தேக்கானால் 0.6. இந்தக் கால் மில்லிமீட்டருக்காகவா தேக்குக்குக் கொட்டிக் கொடுப்பது?

சட்டத்துக்கு இங்கே கிடைப்பதில் என் முதல் தேர்வு கேரளத்திலிருந்து வரும் ரப்பர் மரம். துளைகள் சற்றுப் பெரியவை, ஆனாலும் சீராகப் பரவியவை; சுருக்கமும் தேக்கைப்போலக் குறைவு. மாவுச்சத்து மிகுந்த மரமாதலால் போரான் மருந்து ஏற்றியதா என்று கேட்டு வாங்க வேண்டும், இல்லாவிட்டால் வண்டு துளைத்து மாவாக உதிரும். துண்டுகளைப் பல்பல்லாக இணைத்த பலகை வேண்டாம். அந்த இணைப்புக்கோடு நாளாவட்டத்தில் பெயின்டில் தெரியும். மஞ்சக்கடம்பு கிடைத்தால் அருமை. பஞ்சாலை பாபின் கடைந்த மரம் அது, நுணுக்கமான மேனி. மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி பரப்பிய மலைவேம்பு நம் தோட்டங்களில் நிறைய நிற்கிறது. ப்ளைவுட்டுக்கு நல்லது; சட்டத்துக்கு நான் தயங்குவேன். அதன் துளைகளும் தேக்கைப்போல வரிசைகட்டியவை, இளசாக வெட்டிய மரம் முறுக்கிக்கொள்ளவும் செய்யும். சிங்க் அடியில் வரும் கதவுக்கு மட்டும் எம்டிஎஃப் வேண்டவே வேண்டாம். தண்ணீர் தாங்கும் ஐ.எஸ். 710 தர மரைன் ப்ளைவுட்டில் செய்யுங்கள்.

பெயின்டருக்கு வேலை விடும்போது மூன்றைச் சொல்லிவிடுங்கள். நடுப்பலகையைச் சட்டத்தில் செருகும் முன்பே பெயின்ட் அடிக்க வேண்டும். சேர்த்த பிறகு அடித்தால், பலகை சுருங்குகிற கோடையில் ஓரத்தில் பூசாத கோடு எட்டிப்பார்க்கும். முன்பக்கம் எத்தனை பூச்சோ பின்பக்கமும் அத்தனை. கதவின் மேல், கீழ் விளிம்புகளில் சட்டத்தின் வெட்டுமுகம் இருக்கும். ஈரம் அதிவேகமாக ஏறுவது அந்தத் திறந்த குழாய்கள் வழியேதான், அங்கே பிரைமரை இரண்டு கை கூடுதலாகவே கொடுக்கச் சொல்லுங்கள்.