எல்லை கடந்த வடிநிலம்

பல நாடுகளுக்குப் பொதுவான ஆற்றின் ‘டிரான்ஸ்பௌண்டரி பேசின்’ (transboundary basin) என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? திருநெல்வேலி வீடுகளில் ‘பேசின்’ என்றால் கைகழுவும் தொட்டி. பழைய பிரெஞ்சில் நீர்க்கலத்தைக் குறித்த சொல் ஆங்கிலத்தின் வழியே நம்மிடம் வந்தது. கலத்தின் எந்த ஓரத்தில் விழுந்த நீரும் அடித்துளைக்கே இறங்குவதுபோல, எங்கெங்கு பெய்யும் மழை ஒரே ஆற்றில் வந்து சேருமோ அந்த நிலப்பரப்பு முழுவதற்கும் நிலவியலார் அதே பெயரை வைத்தனர்.

இதற்கு நாளிதழ்கள் ‘ஆற்றுப்படுகை’ என்று எழுதுகின்றன. பொருநை என்னும் தாமிரபரணியின் கரையில் படுகை என்பது ஆற்றை ஒட்டிய, வண்டல் படிந்த தாழ்நிலம் மட்டுமே. மலையும் காடும் அதில் அடங்கா. ‘நீர்ப்பிடிப்புப் பகுதி’யோ பேச்சுவழக்கில் அணைக்கு மேலுள்ள மலையோடு நின்றுவிடுகிறது. குற்றால மலையில் தோன்றிச் சீவலப்பேரியில் தாமிரபரணியைச் சேரும் சிற்றாற்றின் நிலம் பாபநாசம் அணையின் நீர்ப்பிடிப்பில் இல்லை. 2023 டிசம்பர் 17, 18ஆம் நாள்களின் பெருமழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. கொட்டியது. கடலோரத்தில் பெய்த அம்மழையை எந்த அணையின் நீர்ப்பிடிப்புக் கணக்கிலும் வைக்க முடியாது.

ஆகவே ‘வடிநிலம்’ என்பதே பொருத்தம். வடிதல் என்னும் வினையிலிருந்து பிறந்த இச்சொல் வயற்காட்டு வடிகாலுக்கு உறவு. ‘தாமிரபரணி வடிநிலக் கோட்டம்’ என்று அரசு அலுவலகப் பெயரிலேயே அது நெடுநாளாக இருக்கிறது. எழுதுவோர்தாம் எடுத்து ஆளவில்லை.

இனி ‘எல்லை’. அகத்தியமலைத் தொடரின் முகட்டில் மேற்கே விழும் மழை நெய்யாறாகக் கேரளத்துக்கும், கிழக்கே விழுவது தாமிரபரணியாக நமக்கும் வருகிறது. நீரைப் பிரிக்கும் முகடும் மாநில எல்லையும் இங்கே பெரும்பாலும் ஒன்றே என்பதால், பிற நாடுகளில் எல்லைக்கோடு வடிநிலத்தை நடுவே அறுத்துச் செல்வதை நாம் எளிதில் உணர்வதில்லை. அத்தகைய வடிநிலத்தைச் சிலர் ‘எல்லை தாண்டிய’ என்கின்றனர். மீனவர் கைதுச் செய்திகளால் குற்றச்சாயல் ஏறிவிட்ட தொடர் அது. கோட்டுக்கு முன்பே ஓடிக்கொண்டிருந்த ஆற்றின்மேல் அதைச் சுமத்துவது முறையன்று. ‘எல்லை கடந்த’ என்பது போதும்.

இத்தகைய வடிநிலங்களில் காலநிலை மாற்றத்தைப் பேசும்போது ‘அடாப்டேஷன்’ (adaptation) என்பதற்குத் ‘தகவமைப்பு’, ‘தகவமைவு’ என்னும் இரண்டும் கலந்து வழங்குகின்றன. அமைத்தல் பிறிதொன்றைச் செய்வது, அமைதல் தானே பொருந்துவது. வெள்ளமும் வறட்சியும் முறைமாறி வரும்போது மீனும் நாணலும் சதுப்பும் தாமே பொருந்திக்கொள்வது தகவமைவு. அதற்கு இடமளிக்கும்படி அணையையும் ஒப்பந்தத்தையும் மாற்றுவது தகவமைப்பு. ‘தகவு’ பழஞ்சொல்; வள்ளுவர் ‘தக்கார் தகவிலர்’ என்று நடுவுநிலைமை அதிகாரத்தில் ஆள்கிறார். நீர் பங்கிடும் பேச்சில் அந்தச் சாயல் ஒட்டியிருந்தால் நல்லதே.

ஆறு வரும் வழியில் மேலிருக்கும் நாட்டையும் கீழிருக்கும் நாட்டையும் குறிக்கப் புதுச்சொல் எதுவும் வேண்டாம். தலைமடை, கடைமடை என்று நம் கால்வாய்ப் பாசனத்தில் வழங்குவதே போதும். மழைக்காலத்தில் தென்கிழக்கு ஆசியாவின் மீகாங் ஆறு பெருகி, கம்போடியாவின் தோன்லே சாப் ஏரிக்குள் நீரைப் பின்னோக்கித் தள்ளுகிறது. வெள்ளத்தில் மூழ்கும் அந்த ஏரிக்காட்டில்தான் மீன்குஞ்சுகள் வளர்கின்றன. மழை பிந்துவதாலும் மேலே அணைகள் நீரைத் தேக்குவதாலும் அந்த எதிரோட்டம் சில ஆண்டுகளில் தாமதமாகிறது. ஐரோப்பாவில் டான்யூப் ஆற்று நாடுகளின் ஆணையம் 2012இலேயே முழு வடிநிலத்துக்குமான தகவமைப்பு உத்தியை ஏற்றுக்கொண்டது. மீகாங்கில் ஆற்றைக் கூட்டாகப் பேணுவதற்கான 1995 உடன்படிக்கையில் கையெழுத்திட்டவை கம்போடியா, லாவோஸ், தாய்லாந்து, வியட்நாம் ஆகிய நான்கு மட்டுமே. தலைமடையான சீனா, அதன்படி அமைந்த மீகாங் ஆற்று ஆணையத்தில் உறுப்பினராகாமல் உரையாடல் பங்காளியாகவே இருந்துவருகிறது. ஆண்டு முழுவதும் நீர்மட்டத் தரவுகளைத் தருவதற்கு 2020இல்தான் அது இசைந்தது.